வண்டிகளின் வயர்லெஸ் டேட்டா நெரிசலைச் சமாளிப்பது எப்படி

வண்டிகளில் இருந்து கிளம்பும் வயர்லெஸ் டேட்டாவை ஒழுங்குபடுத்த உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எவ்வளவு பேண்ட்வித் தேவைப்படும்?" என்பதுதான். அந்தக் கேள்வி கடைசியில் வந்தால் போதும். முதலில் ஒவ்வொரு மெசேஜையும் எடுத்து வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் கழிந்தால் இது யாருக்கும் பயன்படாமல் போகும் என்று கேளுங்கள். முன்னால் போகும் வண்டி திடீரென்று பிரேக் போட்டுவிட்டது என்ற செய்தி ஒரு நொடி தாமதமாக வந்தால் கிட்டத்தட்ட வீண். என்ஜின் ஆயிலின் வெப்பநிலை நாளைக்கு வந்தாலும் ஒருவரும் கவலைப்படப் போவதில்லை. இந்த இரண்டையும் ஒரே வரிசையில் நிற்கவைத்தால், எத்தனை பெரிய நெட்வொர்க் கையில் இருந்தாலும் என்றைக்காவது மாட்டிக்கொள்வீர்கள்.

ஏன் முக்கியத்துவத்தைக் கேட்காமல் ஆயுளைக் கேட்கச் சொல்கிறேன் என்றால், முக்கியத்துவம் என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு டீமும் தன்னுடையதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று அடித்துச் சொல்லும், மீட்டிங் முடியும்போது எல்லாமே "உயர் முன்னுரிமை" ஆகியிருக்கும். "இது 5 நொடி தாமதமானால் என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் திணறினால் அந்த டேட்டா காத்திருக்கலாம் என்று அர்த்தம். இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் பொதுவாக நான்கு கூறுகள் கிடைக்கும்: ஒரு நொடிக்குள் செத்துப்போகிறவை, சில நொடி தாங்குகிறவை, சில நிமிடம் தாங்குகிறவை, வைஃபை கிடைக்கும்வரை வண்டியிலேயே கிடக்கலாம் என்பவை. இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் கீழே சொல்லும் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

அப்புறம் இன்னொரு பிரிவினை. வண்டியில் இருந்து டேட்டா வெளியேற இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, பக்கத்து வண்டிகளுக்கும் சாலையோர கருவிகளுக்கும் நேரடியாக ஒலிபரப்புவது, இதற்கு 5.9 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் அலைவரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். இன்னொன்று, மொபைல் நெட்வொர்க் வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்புவது. முதல் பாதையில் பணம் கொடுத்து இடம் வாங்க முடியாது, எல்லோருக்கும் ஒரே காற்றுதான். இரண்டாவதில் ஓரளவு வாங்கலாம், ஆனால் பில் வரும். இரண்டிலும் நெரிசல் வரும் விதமே வேறு, அதனால் மருந்தும் வேறு.

பக்கத்து வண்டிகளோடு பேசும் பாதை

இங்கே இடம் எவ்வளவு குறைச்சல் என்பதை ஒரு தடவை கையால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. 802.11பி முறையில் (வண்டிகளுக்காக மாற்றிய வைஃபை வகை) ஒரு சேனல் 10 மெகாஹெர்ட்ஸ் அகலம், வழக்கமான வேகம் 6 எம்பிபிஎஸ். ஒவ்வொரு வண்டியும் தன் இருப்பிடம், வேகம், திசை எல்லாவற்றையும் ஒரு சின்ன பாதுகாப்பு மெசேஜில் வைத்து நொடிக்கு 10 தடவை வரை ஒலிபரப்பும். டிஜிட்டல் கையெழுத்தையும் சேர்த்து அது 300 பைட் என்று வைத்துக்கொள்வோம். 300 பைட் என்றால் 2400 பிட், 6 எம்பிபிஎஸ்ஸில் காற்றில் 0.4 மில்லிசெகண்ட். முன்னால் ஒட்டிக்கொள்ளும் ப்ரீஆம்பிள் (ரேடியோ ஒத்திசைவதற்கான முன்குறி) முதலானவற்றோடு 0.45. நொடிக்கு 10 என்றால் ஒரு வண்டி மட்டும் 4.5 மில்லிசெகண்ட் எடுக்கிறது, அதாவது சேனலில் 0.45 சதவீதம். 100 வண்டி சேர்ந்தால் 45 சதவீதம். 220 வண்டியில் சேனல் முழுதாக நிரம்பிவிடும்.

220 வண்டி ஒரே இடத்தில் எங்கே சேரப் போகிறது என்று தோன்றலாம். ஆறு லேன் சாலை, ஊர்ந்து போகும் நெரிசல், வண்டிக்கு 8 மீட்டர் இடம். உங்கள் ரேடியோவுக்கு முன்னும் பின்னும் 300 மீட்டர் கேட்கிறது என்றால் ஒரு லேனில் 75, ஆறு லேனில் 450. எல்லோரும் விடாப்பிடியாக நொடிக்கு 10 தடவை பேசினால் சேனலைப் போல இரண்டு மடங்கு இடம் வேண்டும். சில இடங்களில் இருக்கும் அலைவரிசையும் சுருங்கியிருக்கிறது. அமெரிக்காவில் அலைவரிசை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி 1999இல் இதற்கென்று ஒதுக்கிய 75 மெகாஹெர்ட்ஸ், 2020இல் எடுத்த முடிவில் 30 ஆகக் குறைந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒலிபரப்புக்கு "கிடைத்தது" என்று யாரும் பதில் அனுப்ப மாட்டார்கள். வீட்டு வைஃபையில் இரண்டு ரேடியோ ஒரே நேரத்தில் பேசி மெசேஜ்கள் மோதினால் பதில் வராததைப் பார்த்து ரேடியோ பின்வாங்கிக் காத்திருக்கும். இங்கே மோதியதே அனுப்பியவருக்குத் தெரியாது. அதனால் சேனல் 60, 70 சதவீதத்தைத் தாண்டியதும் மெசேஜ்கள் சத்தமில்லாமல் காணாமல் போக ஆரம்பிக்கும், எந்த லாகிலும் எரர் வராது. நெரிசல் நடந்ததா என்று கண்டுபிடிக்க, மெசேஜைப் பெறுகிறவர் பக்கத்தில்தான் தேட வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வேலை, சேனல் எவ்வளவு நேரம் பிஸியாக இருக்கிறது என்பதை ஒவ்வொரு வண்டியும் தானே அளக்க வேண்டும். ஐரோப்பிய முறையில் 802.11பி குடும்பத்துக்கு −85 டிபிஎம்முக்கு (சிக்னல் சக்தியின் அளவு) மேல் சிக்னல் கேட்கும் நேரத்தை 100 மில்லிசெகண்ட் ஜன்னலில் எண்ணி விகிதமாகச் சொல்கிறார்கள். இந்த எண் கையில் இருந்தால் திருப்ப மூன்று திருகுகள் உண்டு: எத்தனை தடவை அனுப்புவது, எவ்வளவு சக்தியில் அனுப்புவது, என்ன பிட் வேகத்தில் அனுப்புவது.

தடவையைக் குறைப்பதுதான் நல்ல பலன் தரும், அதிலிருந்து தொடங்குங்கள். ஐரோப்பாவின் தொலைத்தொடர்புத் தர அமைப்பான எட்சியின் தரத்தில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது: கடிகாரத்தைப் பார்த்து அனுப்பாமல் மாற்றத்தைப் பார்த்து அனுப்புவது. கடைசி மெசேஜுக்குப் பிறகு வண்டி 4 மீட்டருக்கு மேல் நகர்ந்தால், அல்லது திசை 4 டிகிரிக்கு மேல் திரும்பினால், அல்லது வேகம் நொடிக்கு 0.5 மீட்டருக்கு மேல் மாறினால் புது மெசேஜ். இல்லாவிட்டால் ஒரு நொடிக்கு ஒன்று போதும், எப்படியும் 100 மில்லிசெகண்டுக்குள் இரண்டு வராது. மணிக்கு 72 கிலோமீட்டரில் போகும் வண்டி 4 மீட்டரை 0.2 நொடியில் கடக்கும், ஆகவே நொடிக்கு 5. அசையாமல் நிற்கும் வண்டி நொடிக்கு 1. மேலே போட்ட 450 வண்டிக் கணக்கு இந்த முறையில் சுமார் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இதனால் ஒரு விஷயம் தலைகீழாகிறது: நின்றுபோன டிராஃபிக் ஜாம் அவ்வளவு பயமில்லை, வண்டிகள் நெருக்கமாகவும் ஓரளவு வேகமாகவும் ஓடிக்கொண்டிருக்கும் நேரம்தான் சேனலைத் திணறடிக்கும். டெஸ்ட் செய்யும்போது பலரும் நிற்கும் ஜாமை மட்டும் போட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

அமெரிக்கப் பக்கத்தில் எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கத்தின் ஜே2945/1 தரம் வேறு வழியில் போகிறது. சுற்றிலும் 100 மீட்டருக்குள் எத்தனை வண்டி என்று எண்ணும். 25 வரை இருந்தால் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு மெசேஜ், அதற்கு மேல் ஏற ஏற இடைவெளியும் நேர்விகிதத்தில் ஏறி, 150 வண்டியில் 600 மில்லிசெகண்ட் என்ற எல்லையைத் தொடும். கூடவே, மற்ற வண்டிகள் என்னை எங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் என்று ஒரு ஊகம் போட்டுப் பார்க்கும். அந்த ஊகத்துக்கும் உண்மைக்கும் இடைவெளி பெரிதானால் காத்திருக்காமல் அனுப்பிவிடும். எனக்கு இந்த இரண்டாவது பகுதிதான் ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் நேராக ஒரே வேகத்தில் போகிறவன் பேசாமல் இருக்கலாம், திடீரென்று விலகுகிறவன் பேசியே ஆக வேண்டும் என்பதை அது தானாகவே பிரித்துவிடுகிறது.

சக்தியைக் குறைப்பது இரண்டாவது. அதே தரத்தில் சேனல் பிஸி 50 சதவீதம் வரை 20 டிபிஎம், 80 சதவீதத்தை எட்டினால் 10 டிபிஎம், நடுவில் நேர்கோடு. குறைத்தால் தூரத்து வண்டிக்குக் கேட்காது, ஆனால் நெரிசலில் மோதப் போகிறவன் பக்கத்தில்தான் இருப்பான். பிட் வேகத்தை ஏற்றும் யோசனை காகிதத்தில் அழகாக இருக்கும், 12 எம்பிபிஎஸ் என்றால் பாதி நேரம்தானே என்று. சிக்னல் அதற்கேற்ற அளவு தெளிவாக இருக்க வேண்டும், அதனால் எட்டும் தூரமும் சுருங்கும். வேறு வழியே இல்லை என்றால் தொடுங்கள்.

கட்டுப்பாட்டு விதி எழுதும்போது ஊசலாட்டத்தைக் கவனியுங்கள். "பிஸி என்றால் குறை, காலி என்றால் ஏற்று" என்று படிக்கட்டு மாதிரி எழுதினால், ஒரே சேனலைக் கேட்கும் 200 வண்டியும் ஒரே நேரத்தில் குறைக்கும், உடனே சேனல் காலியாகத் தெரியும், எல்லோரும் ஒன்றாக ஏற்றுவார்கள், மறுபடி பிஸி. எட்சி தரத்தின் பழைய முறையில் இந்தத் தொல்லை உண்டு. 2018இல் சேர்ந்த மாற்று முறை 68 சதவீதத்தை இலக்காக வைத்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக அதை நோக்கி நகரும். சொந்தமாக எழுதுவதாக இருந்தாலும் இந்த மாதிரி மெதுவாக நகரும் விதியை எழுதுங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுகிற இடம். மெசேஜ் அனுப்பும் வேகத்தின் கட்டுப்பாட்டை ரேடியோவுக்கு முன்னால் ஒரு கேட் மாதிரி வைத்து, அனுமதி கிடைக்கும்வரை மெசேஜை வரிசையில் நிறுத்திவைப்பார்கள். வெளியே போகும்போது அந்த இருப்பிடம் அரை நொடி பழசு. காற்றில் அருமையாகக் கிடைத்த இடத்தைப் பழைய செய்திக்குச் செலவழித்த கதை. வரிசையின் நீளத்தை 1 ஆக வையுங்கள், புதுசு வந்தால் பழசை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரட்டும். அதைவிட நல்லது, அடுத்த அனுமதி எப்போது என்பதை மேலே இருக்கும் அப்ளிகேஷனுக்கே சொல்லி, அந்தக் கணத்தில் புதிதாக மெசேஜ் தயாரிக்க வைப்பது. விபத்து, திடீர் பிரேக் மாதிரி நிகழ்வுச் செய்திகளுக்கு மட்டும் இந்தக் கேட்டில் தனி வழி விடுங்கள். ஆனால் அதையே பத்து வண்டி திருப்பித் திருப்பி ஒலிபரப்பாமல் இருக்க, பக்கத்து வண்டி ஏற்கெனவே சொல்லிவிட்டதைக் கேட்டால் வாயை மூடிக்கொள்ளும் விதி ஒன்றும் வேண்டும்.

மெசேஜின் எடையைக் குறைக்க எளிய வழி சான்றிதழில் இருக்கிறது. கையெழுத்தோடு முழுச் சான்றிதழையும் ஒவ்வொரு தடவையும் ஒட்டத் தேவையில்லை. நொடிக்கு ஒரு தடவை முழுசாக ஒட்டிவிட்டு மற்ற நேரத்தில் 8 பைட் சுருக்கக் குறியீட்டை மட்டும் அனுப்பலாம் என்று எட்சி தரமே அனுமதிக்கிறது. புதிதாகக் கேட்க வந்த வண்டி அதிகபட்சம் ஒரு நொடி காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

802.11பிக்குப் பதிலாக மொபைல் தொழில்நுட்பத்தில் இருந்து வந்த சி-வி2எக்ஸ் ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபியின் ரிலீஸ் 14இல் வந்த முறையில் டவரின் உதவி இல்லாத நிலையில் வண்டி கடந்த ஒரு நொடி காற்றைக் கவனித்து, காலியாகத் தெரியும் இடத்தை (நேரமும் அலைவரிசையும் சேர்ந்த ஒரு துண்டு) தானே பிடித்துக்கொண்டு, 100 மில்லிசெகண்ட் சுழற்சி என்றால் 5 முதல் 15 தடவை வரை அதே இடத்தில் அனுப்பும். எண்ணிக்கை முடிந்ததும் இடம் மாறலாம், அல்லது ஒரு நிகழ்தகவின்படி அங்கேயே தொடரலாம். அந்த நிகழ்தகவை 0 முதல் 0.8 வரை வைக்கலாம். இரண்டு வண்டி தற்செயலாக ஒரே இடத்தைப் பிடித்தால் அவற்றின் மெசேஜ்கள் ஒன்றரை நொடி வரைகூடத் தொடர்ந்து மோதிக்கொண்டே இருக்கும், அனுப்பும் நேரத்தில் கேட்க முடியாததால் இருவருக்கும் அது தெரியவும் தெரியாது. 0.8 வைத்தால் அந்த மோதல் இன்னும் நீளும். நெரிசலான இடத்துக்குக் குறைந்த எண்ணை வைத்துச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

சர்வருக்குப் போகும் பாதை

இங்கே முதல் தவறு எல்லாவற்றையும் மேலே அனுப்பிவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. வண்டிக்குள் கருவிகளை இணைக்கும் 500 கேபிபிஎஸ் கேன் பஸ் ஒன்று பாதி அளவுக்கு நிரம்பி ஓடுகிறது என்றால் மணிக்கு 112 எம்பி. தினம் 8 மணி நேரம் ஓடும் 10,000 வண்டிக்கு ஒரு நாளைக்கு 9 டிபி. அதில் பெரும்பகுதி முன்னால் வந்த எண்ணின் மறுபதிப்பு. மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டி மாறினால் மட்டும் அனுப்புங்கள், அதோடு சில நிமிடத்துக்கு ஒரு "உயிரோடு இருக்கிறேன்" செய்தி; இல்லையென்றால் மாற்றமே இல்லாத வண்டிக்கும் இணைப்பு அறுந்த வண்டிக்கும் வித்தியாசம் தெரியாது. முழு விவரம் வேண்டும் என்கிறவர்களுக்கு வண்டிக்குள்ளேயே சுழலும் பஃபர் ஒன்றில் கடைசி 60 நொடியை வைத்திருந்து, ஏதாவது நடந்தால் மட்டும் அந்தத் துண்டை வெட்டி அனுப்பலாம்.

நொடிக்கொரு தடவை 10 பைட் அனுப்புவதும் வீண்செலவு. அந்த 10 பைட்டைச் சுமக்க இணைப்புக்கும் பாதுகாப்புக்குமான டிசிபி, ஐபி, டிஎல்எஸ் தலைப்புகள் 60 பைட்டுக்கு மேல் வரும், போதாக்குறைக்கு மோடம் தூங்கவே போகாது. சில நொடி தாங்கும் டேட்டாவைச் சேர்த்துக் கட்டி அனுப்புங்கள், எழுத்து வடிவிலான ஜேசனை விட்டுவிட்டு ப்ரோட்டோபஃப் அல்லது சிபார் மாதிரி பைனரி வடிவத்துக்கு மாறுங்கள். நேரமுத்திரை வண்டியில் அளந்த நேரமாக இருக்கட்டும், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை நம்பினால் எல்லாக் கணக்கும் தப்பாகும்.

இப்போது ஒரு சுரங்கப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி உள்ளே நுழைகிறது, 90 நொடி சிக்னல் இல்லை, வரிசையில் 90 இருப்பிடச் செய்திகளும் ஒரு கேமரா கிளிப்பும் சேர்ந்துவிட்டன. வெளியே வந்ததும் மோடம் பழசில் இருந்து ஆரம்பிக்கும். கிளிப் நடுவில் மாட்டிக்கொண்டால், டேஷ்போர்டில் அந்த வண்டி இன்னும் சுரங்கத்துக்குள்ளேயே நிற்கும். செய்ய வேண்டியது இது: நேரடி இருப்பிடம் தனி வரிசையில், புதியது முதலில், பழைய இருப்பிடங்கள் வரலாற்று வரிசையில், சுருக்கிக் கட்டி, பின்னால், கிளிப் கடைசியில், சின்னச் சின்னத் துண்டுகளாக. மெசேஜ் அனுப்பும் நெறிமுறையான எம்க்யூடிடி 5 பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒவ்வொரு மெசேஜுக்கும் காலாவதி நேரம் போடும் வசதி அதிலேயே இருக்கிறது, முதலில் போட்ட ஆயுள் பட்டியல் இங்கே நேராகப் பொருந்தும். அந்தக் கடிகாரம் ப்ரோக்கரில்தான் (மெசேஜ்களை வாங்கிப் பிரித்தனுப்பும் சர்வர்) ஓடும் என்பதால், வண்டியில் காத்திருக்கும் வரிசையைக் காலாவதி செய்யும் வேலையை நீங்களே எழுத வேண்டும். லினக்ஸ் ஓடும் பெட்டியாக இருந்தால் வெளியேறும் இன்டர்ஃபேஸில் எஃப்க்யூ-கோடெல் என்ற வரிசை மேலாண்மையைப் போட்டு, மோடத்தின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வரம்பு வையுங்கள். வரிசை உங்கள் கையில் இருக்கும்வரைதான் முன்னுரிமைக்கு அர்த்தம். மோடத்தின் பஃபருக்குள் போய்விட்டால் எல்லாம் ஒன்றுதான்.

சர்வர் ஒரு நிமிடம் விழுந்து எழுந்தால் என்ன நடக்கும் என்பதையும் யோசித்துவையுங்கள். 1,00,000 வண்டியும் ஒரே கணத்தில் கதவைத் தட்டும், ஒவ்வொன்றுக்கும் முழு டிஎல்எஸ் கைகுலுக்கல், சர்வர் மறுபடி விழும். மறு இணைப்பு நேரத்தை 0 முதல் 300 நொடிக்குள் ரேண்டமாகச் சிதறடித்தால் நொடிக்கு 333 தான் வரும். தோல்வி தொடர்ந்தால் இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகட்டும், அதிலும் ரேண்டம் இருக்கட்டும்.

சாஃப்ட்வேர் அப்டேட்டை ஒரே நாளில் எல்லோருக்கும் அவிழ்த்துவிடாதீர்கள். 2 ஜிபி கோப்பு, 50,000 வண்டி, கூட்டிப் பார்த்தால் 100 டிபி. மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது, அறுந்த இடத்தில் இருந்து தொடர்வது, வைஃபைக்குக் காத்திருப்பது எல்லாம் பழகிய வழிகள். அதிகம் கவனிக்கப்படாதது, ஒரே நிறுத்துமிடத்தில் தூங்கும் 200 வண்டி காலையில் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆவது. அந்த ஒரு டவர் மூச்சுத்திணறும், மொத்த சராசரியில் அது தெரியவே தெரியாது. டவர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

அளப்பது

சராசரி டெலிவரி சதவீதத்தை நம்பாதீர்கள். 90 சதவீதம் என்பது பத்தில் ஒன்று அங்கங்கே விழுவதாகவும் இருக்கலாம், தொடர்ந்து பத்து விழுவதாகவும் இருக்கலாம். நொடிக்கு 10 மெசேஜில் தொடர்ந்து பத்து போனால், மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் வண்டி சுமார் 30 மீட்டர் நகர்ந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். அதனால் ஒரு வண்டியிடம் இருந்து வந்த அடுத்தடுத்த இரண்டு மெசேஜுக்கு இடையிலான இடைவெளியை எண்ணி, 95வது, 99வது சதமானத்தை (நூற்றில் 95, 99 இடைவெளிகள் அடங்கும் எல்லை) பாருங்கள். சர்வர் பக்கத்தில் கையில் இருக்கும் கடைசி டேட்டா எவ்வளவு பழசு என்று பாருங்கள். 200 உண்மை வண்டியைத் திரட்டுவது கடினம் என்பதால் முதலில் சுமோ என்ற போக்குவரத்து சிமுலேட்டரில் வண்டிகளை ஓட்டி, வெய்ன்ஸ் அல்லது என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில் ரேடியோவைச் சேர்த்துப் பார்க்கலாம். எட்சி தரங்களின் அடுக்கும் வேண்டும் என்றால் ஆர்டெரி என்ற சிமுலேட்டர் இருக்கிறது. சிமுலேஷனில் கட்டடமும் பெரிய லாரியும் சிக்னலை மறைப்பதைச் சேர்க்காமல் ஓடவிட்டால் எண்கள் எல்லாம் அழகாக வரும், தெருவில் வராது.

மேலே சொன்ன வரம்புகள், இடைவெளிகள், காலாவதி நேரங்கள் எதையும் ப்ரோகிராம் கோடுக்குள் எழுதிப் பூட்டாதீர்கள், தூரத்தில் இருந்து மாற்றும் வசதி வேண்டும். அந்த மாற்றச் செய்தியே மற்ற டேட்டாவோடு அதே வரிசையில் சிக்கிக்கொண்டால், நெரிசலைக் குறைக்கும் கட்டளை நெரிசலில் காத்துக்கொண்டிருக்கும். அதற்குத் தனி வரிசை கொடுங்கள், புதுக் கட்டளை ஒரு மணி நேரம் வராவிட்டால் வண்டி மெசேஜ் அனுப்பும் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும்படி வையுங்கள், வண்டிகள் வெளியே போவதற்கு முன் சிக்னலை வேண்டுமென்றே மோசமாக்கி இதைச் சோதித்துவிடுங்கள்.